பாஸாகாத தீபிகா

தீபிகா மறுபடியும் ஃபெயில். லேப்டாப் திரையில் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் சத்யப்ரியாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"இந்தப் பொண்ணு வேணும்னே என்னை வெறுப்பேத்துது," என்றாள் கணவன் ஃபைசலிடம். லைனிங் துணிக் கடையைத் திறக்கப் போவதற்காக அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

சத்யப்ரியா நடத்துவது பட்டு ஜாக்கெட் தையல் வகுப்பு. காசு வாங்காமல் பாடம் நடத்த இடம் கொடுக்கும் ஓர் இணையதளத்தில் வீடியோக்களை ஏற்றி, டெஸ்ட் வைத்து, வாரம் ஒருமுறை நேரடியாகவும் வகுப்பு எடுக்கிறாள். பிள்ளையார்பாளையத்தில் வாய் திறந்து பேசவேண்டுமென்றால் பக்கத்து வீட்டுத் தறி ஓய வேண்டும். அதனால் வகுப்பு எப்போதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான்.

ஆனாலும் அவளுக்கு அது என்றால் உயிர். ஃபைசலைக் கட்டிக்கொண்ட அன்றைக்கே வாலாஜாபாத்தில் அப்பா அவளைத் தலைமுழுகிவிட்டார். அந்த வீட்டு வாசலை இனி அவள் தாண்டி வரக்கூடாது, அங்கிருந்து யாரும் அவளைத் தேடிப் போகவும் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார். "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிடும் இந்தப் பெண்கள்தான் இப்போது அவளுக்குச் சொந்தபந்தம் எல்லாம்.

இலவசம் என்றால் ஏதாவது ஒரு முடிச்சு இல்லாமலா இருக்கும்? இத்தனை பேருக்குத்தான் இடம் என்று அந்தத் தளத்தில் அளவு உண்டு. ஆகவே கடைசி டெஸ்டில் ஒருத்தி பாஸானதும் சான்றிதழைக் கொடுத்து அவளை வெளியே அனுப்பிவிடுகிற மாதிரி சத்யப்ரியா அமைத்து வைத்திருந்தாள். காலியான இடத்துக்கு அடுத்தவள் வரலாம்.

இந்தத் தீபிகாவோ பாஸாவதும் இல்லை, போவதும் இல்லை. நேரடி வகுப்புக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவாள். கேமராவும் போட மாட்டாள், மைக்கும் போட மாட்டாள். எதுவானாலும் டைப் செய்வதோடு சரி.

"மண்டையில ஏறலன்னா விடேன், பாவம்," என்றான் ஃபைசல்.

"ஏறாம என்ன? ஓரிக்கை புவனேஸ்வரி அக்கா போன வாரம் தோள்பட்டை ஏன் நழுவுதுன்னு குரூப்ல கேட்டாங்க. நான் பதில் போடறதுக்குள்ள இவ போட்டுட்டா. நான் எப்படிச் சொல்லுவேனோ அப்படியே இருக்குது. அதே கேள்வி டெஸ்ட்ல வந்தா தப்பு. தெரிஞ்சுக்கினே தப்பு போடறாப்பா."

ஃபைசல் கொஞ்சம் யோசித்தான். "அப்ப சந்தேகமே இல்ல. காசு வாங்கி கிளாஸ் நடத்தறவங்க யாரோ அனுப்பின ஆளு. நீ புதுசா போடற வீடியோவையெல்லாம் எடுத்துக்கினு இருக்காங்க. பேரைத் தூக்கிடு."

அவன் போன பிறகும் அந்தப் பேச்சு அவளை விடவில்லை. ஐயம்பேட்டை அங்கம்மாள் வேறு தினமும் போன் செய்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், இரண்டு பிள்ளைகள், தையல் தெரிந்தால் பிழைத்துக்கொள்வேன், ஓர் இடம் கொடுங்கள் என்று அழாத குறை. எவளோ ஒருத்தியின் விளையாட்டுக்காக அவள் காத்துக் கிடக்க வேண்டுமா?

அன்று மதியம் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பினார்கள். "தீபிகா, நீ மட்டும் இரும்மா," என்றாள் சத்யப்ரியா. திரையில் பெயர் எழுதிய கறுப்புக் கட்டம் ஒன்று மிஞ்சியது.

"உண்மையச் சொல்லு. யார் உன்னை அனுப்பினாங்க?"

'யாரும் இல்ல மிஸ்' என்று எழுத்து வந்தது.

"அப்ப ஏன் தெரிஞ்சே தப்பு போடற?"

எதையோ டைப் செய்வதும் அழிப்பதுமாகத் தெரிந்தது.

"மைக்கைப் போட்டுப் பேசு."

'மைக் ரிப்பேர் மிஸ்.'

சத்யப்ரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இங்க பாரு, ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கினு ஒருத்தங்க இந்த எடத்துக்காகக் காத்துக்கினு இருக்காங்க. உனக்கு இதெல்லாம் விளையாட்டா இருக்குதா?"

மறுபடி எழுத்து வந்தது. 'இன்னும் ஒரு வாரம் மட்டும் இருக்கட்டுமா மிஸ்?'

கெஞ்சுகிற மாதிரித்தான் இருந்தது. ஒரு கணம் சத்யப்ரியாவின் மனசு இளகியது. மறுகணமே ஃபைசல் சொன்னது ஞாபகம் வந்தது. இன்னும் ஒரு வாரம் எதற்கு, மிச்ச வீடியோவையும் எடுத்துக்கொண்டு போவதற்கா?

பெயரைத் தூக்கினால்தானே பாவம். ஆசிரியர் தன் கையாலேயே மார்க் போடவும் அந்தத் தளத்தில் வழி இருந்தது. தீபிகாவின் பெயருக்கு நேரே முழு மார்க்கைப் போட்டு அழுத்தினாள். திரையில் பச்சை எழுத்தில் வாழ்த்துச் செய்தி வந்தது.

"நானே பாஸ் போட்டுட்டேன். சர்டிபிகேட் வந்துடும். இந்த மீட்டிங் முடிஞ்சதும் நீ திரும்ப உள்ள வர முடியாது. எங்க இருந்தாலும் நல்லா இரும்மா," என்று சொல்லி மீட்டிங்கை முடிக்கப் போனாள்.

அந்தக் கறுப்புக் கட்டத்தில் முதல் தடவையாக மைக் அடையாளம் ஒளிர்ந்தது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு விசும்புவது கேட்டது. நிச்சயமாக அது சின்னப் பெண்ணின் குரல் இல்லை. சத்யப்ரியாவின் விரல் மௌஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"பாஸாயிட்டா, அம்மா உன் மொகத்த எங்கடி பாக்கறது?"