விழுவதற்கு ஒரு வகுப்பு

"எத்தனை நாளா அடிக்குது அந்தப் பொண்ணு?" என்று கேட்டார் சபாபதி.

கேள்வி சுகுமாறனுக்கு. அவன் இரண்டு கைகளும் முழங்கைக்கு மேலே ஊதா நிறத்தில் கன்றிப் போயிருந்தன. பக்கத்தில் அவன் மனைவி யோகேஸ்வரி, அழுது அழுது மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

சபாபதி, தெப்ராவில் அந்தத் தாமான் குடியிருப்புக் கோயிலின் தலைவர். அடுத்த மாதம் கோயில் தேர்தல். வீட்டுச் சண்டையை எல்லாரும் போலீசுக்கும் ஃபேஸ்புக்குக்கும் கொண்டுபோகிற காலத்தில், ஒரு பஞ்சாயத்து தானாக நடந்து அவர் வீட்டு ஹாலுக்கே வந்திருக்கிறது. விடுவாரா? காலையிலேயே ஜிப்பா மாட்டி, திருநீறு பூசி, நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"தலைவரே, அவ என்னைத் தொடக்கூட இல்லை. நான் சனிக்கிழமையில ஜூடோ கிளாஸுக்குப் போறேன், அதுல பட்டது" என்றான் சுகுமாறன்.

"ஓஹோ! அப்ப நீ எத்தனை பேரைத் தூக்கிப் போட்டே?"

"இன்னும் யாரையும் போடலைங்க. புதுசா சேந்தவங்களுக்கு முதல்ல விழத்தான் சொல்லிக் குடுப்பாங்க. தாடைய நெஞ்சோட ஒட்டிக்கணும், விழறப்ப கையால தரைய ஓங்கித் தட்டணும். மத்தவங்க போடுவாங்க, நாம விழணும்."

ஹாலே சிரித்தது. "அலமாக்! விழறதுக்குக் கிளாஸா? எங்க வீட்டுக்காரரு ரெண்டு பீர் போட்டாலே சும்மா நல்லா விழுவாரு!" என்றாள் ஷாமளா.

ஷாமளாதான் பக்கத்து வீடு. புகாரைக் கொண்டுவந்த புண்ணியவதியும் அவள்தான். "பொழுது சாஞ்சா சுவருக்கு அந்தப் பக்கம் தொம் தொம்னு சத்தம், தலைவரே. கூடவே இவ சிரிக்கிற சத்தம். புருஷன் விழுந்தா சிரிக்கிற பொம்பளைய எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

"மெத்தையப் போட்டு விழுந்து பழகறாருக்கா. பாக்க சிரிப்பா இருந்துச்சு, சிரிச்சேன்" என்றாள் யோகேஸ்வரி. அதை யாரும் காதில் வாங்கவில்லை.

சபாபதிக்கு அவளைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. அவர் மனைவி தனலெட்சுமியும் பெண்தானே! அந்தக் கனத்த உடம்பை வைத்துக்கொண்டு, இத்தனை வருடத்தில் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பாளா? சனிக்கிழமை சாயங்காலம் தேவார வகுப்புக்குப் போவாள், மற்ற நேரமெல்லாம் அடுப்படிதான். இப்போதும் அங்கேதான் தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தாள்.

"சரி, உன்னைப் போடுற ஆளு யாரு? பேரைச் சொல்லு."

"எடை பாத்துத்தான் ஜோடி சேப்பாங்க. என் எடைக்கு ஒருத்தர் இருக்காங்க. அவங்கதான் என்னைப் போடுவாங்க."

"அப்ப அந்த ஆளை வரச் சொல்லு. ஒரு சாட்சி போதும், கேஸ முடிச்சிடலாம்."

சுகுமாறன் தலையைக் குனிந்துகொண்டான். "முடியாதுங்க. பேரச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"குப்புற விழுந்தும் மீசையில மண்ணு ஒட்டலையாம்!" என்றாள் ஷாமளா.

யோகேஸ்வரி கணவனின் கையைப் பிடித்து உலுக்கினாள். "இங்க என் மானம் போகுது. நீங்க வாக்கக் காப்பாத்திக்கிட்டு இருக்கீங்களா? சொல்லுங்க லா!"

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். சபாபதி எழுந்து வந்தார். அவனை எழுப்பி நிறுத்தி, "எங்க, நீ படிச்ச படிப்பப் பாப்போம்" என்று நெஞ்சில் கைவைத்து ஒரு தள்ளு தள்ளினார். சுகுமாறன் தாடையை ஒட்டிக்கொண்டு அழகாக மல்லாந்தான். தரையில் பட்டென்று ஓர் அறை விழுந்தது.

"பாத்தீங்களா? எவ்வளவு பழக்கமா விழறான்! வீட்டுல தினமும் விழுந்தாத்தான் இப்படி வரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் நாற்காலியில் சாய்ந்தார். தன் புத்திசாலித்தனத்தை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

தீர்ப்பு உடனே வந்தது. "வெள்ளிக்கிழமை பூசையில எல்லாரு முன்னாலயும் யோகேஸ்வரி புருஷன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கணும். சிம்பாங் ரெங்கத்துல இருந்து அவ அப்பாவும் வந்து நிக்கணும். பொண்ண வளத்த லட்சணத்த அவரும் பாக்கட்டும்."

"எங்கப்பா இதயத்துல ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டவருங்க. இதைக் கேட்டா செத்தே போயிடுவாரு" என்று யோகேஸ்வரி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஷாமளாவே கொஞ்சம் நெளிந்தாள்.

சபாபதிக்கு மட்டும் இன்னும் பேச்சு மிச்சமிருந்தது. "பொம்பளைன்னா எப்படி இருக்கணும்னு என் வீட்டுல வந்து கத்துக்க. தனலெட்சுமி! எங்க தேத்தண்ணி?"

தனலெட்சுமி தட்டோடு வந்தாள். யாருக்கும் எடுத்துக் கொடுக்காமல் தட்டை மேசையில் வைத்துவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் இறுக்கிச் செருகினாள்.

தரையில் கிடந்த சுகுமாறன் பதறி எழுந்தான். "அக்கா, வேணாங்கக்கா. நீங்க உள்ள போங்க."

"நீ வாக்கக் காப்பாத்துனது போதும், தம்பி" என்றவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"எந்திரிங்க. தம்பிய எப்படிப் போட்டேன்னு காட்டுறேன்."