இரண்டாவது பொன்னாடை

“அண்ணாச்சி, அம்மாவுக்குப் பொன்னாடையை யாரு போர்த்துறது?”

செயலாளர் சுடலைக்கண்ணன் கேட்டதும் சங்கத் தலைவர் பிரம்மநாயகம் முறைத்தார்.

“என்னல கேள்வி? தலைவரு நான் இருக்கேம்லா?”

“பொம்பளையாளுக்கு ஆம்பளை போர்த்துனா நல்லாவா இருக்கும்? போட்டோல்லாம் எடுப்பான்.”

“அப்போ நம்ம கமிட்டில உள்ள லேடீஸ் யாரையாவது கூப்பிடு. ஜல்தி!”

சுடலைக்கண்ணன் தலையைச் சொறிந்தார். கமிட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் மீசை இருந்தது.

மும்பை செம்பூரில் சங்கம் நடத்தும் கல்லூரியில் அன்று பாராட்டு விழா. தாராவியில் பிறந்து வளர்ந்த கனகவள்ளி, பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பெண் துணைவேந்தர் ஆகியிருந்தார்.

“முத்துமாரி டீச்சரைக் கூப்பிடவா?”

டீச்சர் என்பது பிரம்மநாயகம் வைத்த பட்டம். முத்துமாரி முனைவர் பட்டம் வாங்கிய பேராசிரியர். முதல்வர் பதவி காலியானதிலிருந்து கல்லூரியை இழுத்துக்கொண்டு போவதும் அவர்தான். அறைவாசலில் பெயர்ப்பலகை மட்டும் கிடையாது. அது பிரம்மநாயகத்தின் மகன் மகேஷ்குமாருக்காகக் காத்திருந்தது. துணைவேந்தர் தலையசைத்தால் மாட்டிவிடலாம். விழா எடுத்ததே அதற்குத்தான். அம்மா மேடையிலேயே தலையசைத்துவிட்டால் மகனுக்குப் போர்த்த இன்னொரு பொன்னாடைகூடத் தயாராக இருந்தது.

போன வாரம் முத்துமாரி வாய்விட்டே கேட்டுப் பார்த்தார்.

“எல்லாத் தகுதியும் எனக்கு இருக்கு அண்ணாச்சி. என்னையே போடலாமே?”

“பொம்பளைப்புள்ளைக்கு எதுக்கும்மா இந்த டென்ஷன்? தாய் தகப்பன் சண்டைக்கு வருவான், பசங்க ஸ்ட்ரைக் பண்ணுவான்.”

இத்தனை நாளும் அந்தச் சண்டைக்கெல்லாம் யார் முன்னால் நின்றார்கள் என்று தலைவர் யோசிக்கவில்லை.

இப்போது முத்துமாரி பொன்னாடைத் தட்டோடு வந்து நின்றார்.

“பேச்சு எழுதிட்டியாம்மா?”

“எழுதிட்டேன். ஒரு தடவை படிச்சுப் பாத்துருங்க அண்ணாச்சி.”

“எதுக்கு? எப்பவும் நீ எழுதித் தாரதைத்தான வாசிக்கேன். அம்மாவுக்கு மனசு குளுந்துரும்லா?”

“நல்லா குளுந்துரும் அண்ணாச்சி.”

விழா தொடங்கியதும் முத்துமாரி துணைவேந்தருக்குப் பொன்னாடையைப் போர்த்திவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். அவர் வேலை முடிந்தது.

பிரம்மநாயகம் மைக்கைப் பிடித்தார்.

“பெண்கள் படித்தால் மட்டும் போதாது! தலைமை நாற்காலியில் உட்கார வேண்டும்!”

கைதட்டல். துணைவேந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குளிர ஆரம்பித்துவிட்டது என்று தலைவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. குரலை இன்னும் உயர்த்தினார்.

“மேடையில் முழங்கினால் ஆயிற்றா? நாமே செய்து காட்ட வேண்டாமா? ஆகவே, இந்தக் கல்லூரியின் முதல்வர் பதவிக்குப் பேராசிரியர் முத்துமாரி அவர்களின் பெயரை, துணைவேந்தர் முன்னிலையில், பெருமையோடு முன்மொழிகிறேன்!”

வாசித்து முடித்த பிறகுதான், என்ன வாசித்தோம் என்பது அவர் காதில் விழுந்தது. அவசரமாகத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அதற்குள் மாணவிகள் விசிலடிக்கத் தொடங்கிவிட்டார்கள். முன்வரிசையில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்த மகேஷ்குமார் பாதி எழுந்து, அப்பாவைப் பார்த்துவிட்டு, மறுபடியும் உட்கார்ந்தான்.

கனகவள்ளி எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

“தலைவர் தன் மகன் பேரைத்தான் சொல்லப் போறார்னு நிறைய பேர் எங்கிட்ட சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். மன்னிச்சிருங்க அண்ணாச்சி.”

அரங்கமே எழுந்து நின்று தட்டியது. இனி என்ன செய்ய? பிரம்மநாயகம் இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தார். முத்துமாரியை மேடைக்கு அழைத்தார். மகனுக்கென்று வைத்திருந்த பொன்னாடையை எடுத்து விரித்தார்.

கனகவள்ளி அதைப் பக்குவமாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“குடுங்க அண்ணாச்சி. எனக்கே நீங்க போர்த்தலியே. பொம்பளையாளுக்கு ஆம்பளை போர்த்தக் கூடாதுல்லா?”