மடிப்புக்குள் எட்டுப் பெயர்கள்

கிழிந்த சத்தம் முதலில் கேட்டது எனக்குத்தான். என் காலுக்கடியில்தானே கிழிந்தது.

மணப்பெண் மரிலூசியா காரிலிருந்து இறங்கி ஒரே ஓர் அடிதான் வைத்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்த நான் அவளுடைய வெள்ளைக் கவுனின் ஓரத்தை மிதித்துக்கொண்டு நின்றேன்.

தேவாலயத்துக்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

"அடப்பாவி, அடாயில்டன்! உன் கல்யாணந்தான் நடக்கக் காணோம், என்னுதையாவது நடக்க விடு!"

தொலைந்தோம் என்று நினைத்தேன். ஜூசிமாரா அப்படி நினைக்கிற ஆள் இல்லை.

ஜூசிமாரா எனக்கு நிச்சயமானவள், மரிலூசியாவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். இந்தக் கல்யாணத்துக்காகத்தான் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பெலோ ஒரிசோண்டே நகரத்தில் இருக்கலாம் என்று ஐந்து மணி நேரம் பேருந்தில் வந்திருந்தோம்.

அவள் கைப்பையைத் திறந்தாள். வெள்ளை நூல் கோத்த ஊசி அதில் தயாராக இருந்தது. எந்தக் கல்யாணத்துக்கும் அவள் அது இல்லாமல் போனதில்லை. புது நீல உடை அழுக்காகுமே என்றுகூடப் பார்க்காமல் நடைபாதையில் மண்டி போட்டாள்.

"ரெண்டு கையாலயும் துணிய இறுக்கிப் பிடி."

பிடித்தேன்.

எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பது பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது, மழையில் ஊறிய மண்சாலைச் சரிவில் வண்டியைப் பின்பக்கமாகவே இறக்குவாள். அவள் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. இப்போதும் தையல் ஒவ்வொன்றும் அரிசி மணி அளவில், கோடு போட்ட மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். இன்னும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்க்கிறேன்.

ஒன்பது வருடமாக எங்கள் மோதிரங்கள் வலது கையிலேயே இருக்கின்றன.

நிச்சயமானவர்களுக்கு வலது கை, கல்யாணமானவர்களுக்கு இடது கை. எங்களவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விரலைத்தான் பார்ப்பார்கள். என் விரலைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் ஊரில் குறைவு.

தள்ளிப்போட்டதெல்லாம் நான்தான். வீடு கட்டி முடியட்டும் என்றேன். முடிந்தது, குடியும் போனோம். அப்புறம் அம்மாவின் முழங்கால் ஆபரேஷன். போன வருடம் எங்கள் பாதிரியார், ஆகஸ்டில் மட்டும்தான் தேவாலயம் காலி என்றார். காலியாகத்தானே இருக்கும்? ஆகஸ்ட் துக்கத்துக்கான மாதம். அதில் எவனாவது கல்யாணம் செய்வானா? தப்பித்தோம் என்று வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடித்தேன்.

உண்மையான காரணம் பயம். இப்படிப்பட்ட ஒருத்தி ஒரு நாள் நிதானமாக என்னைப் பார்த்து, இவனிடம் அப்படி என்ன இருக்கிறது என்று யோசித்துவிடுவாளோ என்கிற பயம்.

அவள் அதற்கும் ஒரு முடிவு கட்டிவிட்டாள். இன்று காலை பேருந்தில், பாலாடைக்கட்டி ரொட்டியைத் தின்றுகொண்டே சொன்னாள்:

"திங்கக்கெழம காலைல நான் வண்டி எடுக்கறதுக்குள்ள ஒண்ணு தேதி தெரியணும். இல்ல, இந்த மோதிரம் உன் சட்டப் பையில கெடக்கும்."

குரலை உயர்த்தவே இல்லை. மீதி ரொட்டியை என் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனாள்.

மடிப்பு பிரிந்திருந்ததால் இப்போது கவுனின் உள்பக்கம் தெரிந்தது. நீல மையில் பெயர்கள்.

கல்யாணமாகாத தோழிகளின் பெயர்களை மணப்பெண் தன் கவுன் மடிப்புக்குள் எழுதிக்கொள்வாள். அந்தப் பெயர்க்காரிகளுக்கு அடுத்து நடக்கும் என்று ஒரு நம்பிக்கை. வாரக்கணக்கில் போன் போட்டு, உன் பேரை எழுதட்டுமா என்று ஒவ்வொருத்தியாகக் கேட்பாள்.

படித்தேன். செலேஸ்தே. இவோனே. தல்வா. ஏழு பெண்கள்.

ஜூசிமாரா இல்லை.

திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். மரிலூசியா யாரை மறந்தாலும் இவளை மறக்க மாட்டாள். அப்படியென்றால் வேண்டாம் என்று இவளேதான் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமைக்கு முன்னாலேயே முடிவெடுத்துவிட்டாள்.

"உன் பேரக் காணோமே, ஜூ."

"துணியப் பிடிக்கத்தான் சொன்னேன். படிக்கச் சொல்லல."

மேலேயிருந்து மரிலூசியா சிரித்தாள். "கடைசிப் பேரப் பாருடா."

கிழிசலின் ஓரத்தில், என் காலணியின் அழுக்குக்கு அடியில், எட்டாவதாக ஒரு பெயர் இருந்தது. நீளமான பெயர். இடம் போதாமல் எழுத்துகளை நெருக்கி எழுதியிருந்தது.

அடாயில்டன்.

"போன்ல கேட்டேன். 'எனக்கு எதுக்குடி? நான் எப்பவோ ரெடி. பயந்தாங்கொள்ளி அவன்தான், அவன் பேர எழுது'ன்னுட்டா."

ஜூசிமாரா நிமிரவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது. ஊசி என் பெயரை நெருங்கிக்கொண்டிருந்தது.

இது மே மாதம். ஜூனும் ஜூலையும் எங்கள் தேவாலயத்தில் எப்போதோ நிரம்பியாயிற்று.

"ஆகஸ்ட்" என்றேன்.

ஊசி நின்றது. மரிலூசியா சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஜூசிமாரா என் பெயரின் மேல் அடுத்த தையலைப் போட்டாள்.

அது கோணலாகப் போனது.