பதினைந்தாம் எண் சட்டை

நடுவர் பூட்ஸ்களைப் பார்க்க ஆரம்பித்தபோது எங்களிடம் பதினான்கு ஜோடிக் கால்கள்தான் இருந்தன.

ரக்பியில் ஆட்டத்துக்கு முன் இப்படி ஒரு வழக்கம் உண்டு. வீரர்கள் வரிசையாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு, லாடம் அடிக்க வந்த குதிரைகளைப்போலக் காலைப் பின்னால் தூக்கிக் காட்டுவார்கள். அடியில் இருக்கும் குமிழ்கள் யாரையும் கிழித்துவிடுமா என்று நடுவர் விரலால் தடவிப் பார்ப்பார். குனிந்தபடியே அடுத்த ஆளிடம் போவார். முகத்தைப் பார்ப்பதில்லை.

அதை நம்பித்தான் இறங்கினோம்.

ஆள் சேராமல் அந்த வருடம் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களை ஆடாமலே தோற்றிருந்தோம். மூன்றாவது முறையும் பதினைந்து பேர் இல்லையென்றால் லீக்கிலிருந்து கிளப்பையே தூக்கிவிடுவார்கள். சொந்த மைதானத்தில் ஆட்டம். எங்கள் அணியில் ஆடும் பல் டாக்டர் காலையில் போன் செய்து, முதுகு பிடித்துக்கொண்டது என்று முனகினார்.

வீரர் பட்டியலை எழுதுவது என் வேலை. பதினைந்துக்கு நேரே என் கணவர் பெயரை எழுதி, அவர் கையெழுத்தையும் போட்டேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடத் தாள்களில் வருடக்கணக்காகப் போட்டது. அவரைவிட எனக்கு நன்றாக வரும்.

“அண்ணி, மாட்டினோம்னா மானம் போயிடும்” என்றார் எங்கள் கேப்டன். பேக்கரி வைத்திருப்பவர்.

“மாட்டலைன்னா?”

கொஞ்சம் யோசித்தார். பேனாவை வாங்கிக்கொண்டார்.

முதல் ஆளாகக் காலைக் காட்டிய வேன் டிரைவர், பின்பக்கமாக ஓடி, சட்டையை மாற்றிக்கொண்டு, கடைசி ஆளாக மறுபடியும் வந்து நின்றார். அதே பூட்ஸ். நடுவர் தடவிப் பார்த்து, “சரி, பதினைந்து” என்றார். வார நாட்களில் அவர் கணக்கு வாத்தியார்.

அணியின் சட்டைகளைத் துவைப்பதும் நான்தான். பதினைந்தாம் எண்ணை மட்டும் துவைக்காமல் வைத்திருந்தேன். டிரைவர் மூக்கைச் சுளிக்கவில்லை. நல்ல மனிதர்.

என் கணவரை எல்லோரும் பூனை என்பார்கள். களத்தின் கடைசியில் தனியாக நின்று, உயரத்திலிருந்து விழும் பந்தை அலுங்காமல் எடுப்பார். அவர் இப்போது ஆடுவதில்லை என்ற செய்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதிரணிக்குப் போயிருக்காது என்று நம்பினோம்.

மூன்றாவது நிமிடத்தில் எதிரணியின் இளம் கேப்டன் பந்தை எங்கள் பின்பக்கம் உயர உதைத்தான். அங்கே புல் மட்டும்தான் இருந்தது.

“பூனையண்ணே, நீ விடுண்ணே, நான் எடுக்கறேன்!” என்று கத்திக்கொண்டே தபால்காரர் பின்னால் பறந்தார்.

அவ்வளவுதான், எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று.

“அண்ணே, இடது பக்கம் பாத்துக்க!”

“தூங்காதண்ணே!”

கோட்டுக்கு வெளியே என் வாயும் சும்மா இருக்கவில்லை. “முட்டி பத்திரங்க!” என்று பழக்கதோஷத்தில் கத்தினேன். தபால்காரர் ஒருமுறை, கத்தி முடித்த பிறகு, நிஜமாகவே பின்னால் திரும்பிப் பார்த்தார்.

எதிரணிக் கேப்டன் தன் ஆட்களை அதட்டிக்கொண்டிருந்தான். “பின்னாடி உதைக்காதீங்கடா, அங்க பூனை நிக்கறாரு!”

கடைசிவரை அவர்கள் உதைக்கவே இல்லை. பையன் நன்றாக ஏமாந்தான் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்படிச் சிரித்து ஏழு வாரம் ஆகியிருந்தது.

பன்னிரண்டுக்குப் பதினேழு என்று தோற்றோம். ஆனால் ஆடித் தோற்றோம்.

பிறகு கிளப் அறையில் எல்லோருக்கும் சூப்பும் ரொட்டியும். விருந்தாளிக் கேப்டனும் பட்டியலில் கையெழுத்துப் போட்டால்தான் ஆட்டம் செல்லும். எங்கள் அணியின் சிறந்த வீரரை அறிவித்துக் கோப்பை கொடுப்பதும் அவன்தான். கோப்பை என்றால் காபி குடிக்கிற கோப்பை.

அவன் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தான். பதினைந்தில் விரல் நின்றது. பேக்கரிக்காரர் மெல்லுவதை நிறுத்தினார்.

“சிறந்த வீரர், பதினைந்தாம் எண்” என்றான். “முழு ஆட்டத்துலயும் ஒரு பந்தக்கூட கீழ விடல.”

யாரும் கைதட்டவில்லை. பிறகு எல்லோரும் தட்டினார்கள், ரொம்ப நேரம். நடுவரும் சேர்ந்து தட்டினார்.

அவன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, கோப்பையோடு நேராக என்னிடம் வந்தான். ஆள் எங்கே என்று கேட்பான், அவசரமாக வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

அவன் கேட்கவில்லை. கோப்பையை என் கையில் வைத்து, எனக்கு மட்டும் கேட்கும்படி குனிந்தான்.

“அண்ணனுக்குச் சவப்பெட்டி செஞ்சது எங்க பட்டறைதான் அக்கா. பூனையாம் பூனை! ஆறடி மூணு அங்குலம். பலகையே பத்தல.”