நாற்பதாவது லைட்

"லவ் மேரேஜாக்கா?" என்று லைட் ரூம் நர்ஸ் முதல் நாளே அவளிடம் கேட்டிருந்தாள். அவள் கணவரின் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

வாத்தியாரான கணவருக்குக் கைத்தோல் இறுகி, விரல்கள் கட்டைபோல் விறைத்துவிட்டன. வாரம் மூன்று நாள் ஒளி சிகிச்சைக்கு அவள்தான் அழைத்து வந்தாள்.

நாற்பதாவது தடவை விரல்கள் மடங்கின.

"பேனா பிடிங்க சார், பார்ப்போம்!" என்றாள் நர்ஸ். பிடித்தார்.

மனைவி தன் பையிலிருந்து விவாகரத்து மனுவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

நர்ஸுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "இதுக்காக்கா இத்தனை அலைச்சல்?"

"கைநாட்டு வைக்கச் சொன்னேன். 'வாத்தியார் கைநாட்டு வைக்கிறதா? கை சரியாகட்டும், கையெழுத்தே போடறேன்'னுட்டார்."

அவர் தேதியோடு அழகாகக் கையெழுத்திட்டு எழுந்தார்.

கேட்டது கிடைத்தும் அவளுக்கு ஏனோ குழப்பமாக இருந்தது. "புதன்கிழமையும் லைட் இருக்குங்க. எட்டு மணிக்கே கிளம்பணும்" என்றாள்.

அவர் பேனாவை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வெளியேறினார்.