கப்பலேற வந்த வாழை

"நல்லா வேலை செய்றாகய்யா! பட்டப்பகல்ல அம்புட்டுப் பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாக!"

அனுசுயாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

கொஞ்சம் முன்பு வரை அவளும் ஆவென்று வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

ஜெயமங்கலத்தில் குத்தகைத் தோட்டத்தில் அவள் விளைவித்த வாழைக்காய், குளிரூட்டிய கண்டெய்னரில் துபாய்க்குப் போகிறது. அதை வழியனுப்ப, ஏற்றுமதிக் கம்பெனி சசிதரன் பாஸ் வாங்கிக் கொடுத்து, தலையில் ஹெல்மெட்டும் மாட்டிவிட்டு, கொச்சித் துறைமுகத்துக்குள் கூட்டி வந்திருந்தான்.

வெளியே தெரு நெடுக லாரி, டீக்கடை, மீன் வாடை, மிளகு வாடை, நாலு பாஷையில் கூச்சல். உள்ளே வந்தால், கப்பல்!

பெரியகுளம் பஸ் ஸ்டாண்டை அப்படியே தூக்கி அதற்குள் வைத்துவிடலாம் போலிருந்தது. பக்கத்தில் கோபுரம் கோபுரமாகக் கிரேன்கள். லாரி நீளப் பெட்டியை, பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குகிற மாதிரி தூக்கின.

"ஆத்தாடி!"

"இங்கயே நில்லுங்க சேச்சி, கையெழுத்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று சசிதரன் போய்விட்டான்.

அவள் வாழைக்காய் இருந்த பெட்டி லாரியை விட்டு எழும்பியது. கப்பலின் உச்சி தெரியட்டுமென்று ரெண்டு எட்டு முன்னால் போனாள். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

கப்பல் விளிம்பில் ஒருவன் ரெண்டு கையையும் அகல விரித்து ஆட்டினான். 'யார் பெத்த பிள்ளையோ!' இவளும் சிரித்துக்கொண்டே கையாட்டினாள்.

சட்டென்று வெயில் மறைந்தது. கிரேன் நின்றது. வரிசையாய் வந்த லாரிகளும் நின்றன. ஒரு ஹாரன் சத்தம் இல்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

போன வருசம் காத்துக்குத் தோட்டமே சாய்ந்தது. இந்த வருசம் பெட்டியைக் கப்பல் விட்டுவிட்டுப் போனால்? ஊரில் அவள் மானமல்லவா கப்பலேறிவிடும்!

சசிதரன் மெல்ல நடந்து வந்தான். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் சிரித்தது.

"சேச்சி, வாங்க, ஒரு டீ குடிக்கலாம்."

"டீயா? எம் பெட்டியைக் காணோம்! சம்பளத்தை வாங்கிக்கிட்டு வேடிக்கை பாக்குறாகளே, இவுகளைக் கேக்க ஆளில்லையா தம்பி?"

"கேட்டுடலாம். நடந்துக்கிட்டே பேசலாம், வாங்க."

திட்டிக்கொண்டே நடந்தாள். சுவரோரம் வந்ததும் சசிதரன் கையை உயர்த்தினான். துறைமுகம் முழுக்க ஒரே நேரத்தில் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தீகளா? நாலு சத்தம் போட்டாத்தான் வேலை நடக்குது!"

சசிதரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவங்க நின்னது உங்க ஒருத்தருக்காக, சேச்சி. ஹாரன் அடிச்சா பதறிப்போய்க் கடல் பக்கம் ஓடிடுவீங்கன்னுதான் யாரும் மூச்சுக்கூட விடல."

"எனக்காகவா? எதுக்கு?"

"நீங்க தேடின பெட்டி, அவ்வளவு நேரமும் உங்க தலைக்கு மேலதான் தொங்கிக்கிட்டிருந்துச்சு."