உங்கட கம்யூனிட்டி என்ன?

அழகரின் இன்டர்நெட் கம்பனி கண்டியில் பன்னிரண்டு வருடமாக நடக்கிறது. இன்று அதன் பெரிய வாடிக்கையாளரான வைத்தியசாலை கைவிட்டுப் போகப் பார்த்தது.

“பதினொரு மணிக்குக் கொழும்பு டாக்டர் ஒருத்தர் வீடியோவுல நோயாளியப் பாக்குறாராம். இன்னைக்கும் படம் நின்னா வேற கம்பனிக்குப் போயிடுவாங்க” என்றார் அழகர்.

“நம்மகிட்ட ரெண்டு லைன் இருக்கு சேர், ஒண்ணு பழுது. உள்ள வாறது எல்லாம் அந்தப் பழுதான லைன்லதான் வருது” என்றாள் புதிதாகச் சேர்ந்த சஞ்சீவனி. “அந்த லைன் தந்த கம்பனிதான் திருப்பி விடணும்.”

அவள் கொழும்பிலிருந்த அந்தக் கம்பனிக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைக் கேட்ட பொறியியலாளர், “உங்கட கம்யூனிட்டி என்ன?” என்றார்.

அழகர் போனைப் பிடுங்கினார்.

“ஏன் தம்பி, ஆளப் பாத்துத்தான் வேல செய்வீங்களோ? நாங்க கலஹா தேயிலைத் தோட்டத்து ஆளுங்க. போதுமா?”

சஞ்சீவனி போனை மெதுவாகத் திரும்ப வாங்கினாள்.

“64500:70” என்றாள்.

“அத எங்கட ரவுட்டர் இன்னும் ஏத்துக்கொள்ள இல்ல மிஸ். இப்ப சரி செய்றன்.”

அழகர் விழித்தார்.

“கம்யூனிட்டின்னா, நமக்கு வாற பாதை இதுன்னு நாம அவங்களுக்கு அறிவிக்கிறப்போ கூட ஒட்டி அனுப்புற நம்பர் சேர். இதப் பாத்தா அவங்க ரவுட்டர் நமக்கு வாறத மத்த லைனுக்குத் திருப்பிடும்.”

பதினொன்று பத்துக்கு வைத்தியசாலையிலிருந்து அழைப்பு வந்தது. படம் ஒரு தடவைகூட நிற்கவில்லையாம்.

அழகர் பேனையை எடுத்தார்.

“அந்த நம்பர இன்னொருக்காச் சொல்லும்மா. இனிமே எவனாவது நீங்க என்ன கம்யூனிட்டின்னு கேட்டா, இதத்தான் சொல்லப் போறேன்.”